ரோலின் கடைசிப் படம்

பிப்ரவரி 6, செவ்வாய்

ஏட்டையா சொன்னதற்காக எழுதுகிறேன். "எங்கெங்க தேடுனிய, யார் யாரப் பாத்திய, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வையும் அண்ணாச்சி. பின்னால கேப்பாக" என்றார். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. படக் கவர்களின் மேல் பெயர் எழுதுவதோடு சரி.

என் மனைவி ஆவுடையம்மாளை நேற்று மத்தியானத்திலிருந்து காணோம். வயது ஐம்பத்துநான்கு. இரண்டு வருஷமாக மறதி நோய். பெயர் கேட்டால் சில நாள் சொல்லுவாள், சில நாள் சிரிப்பாள். வீட்டில் தனியாக விட்டால் கேஸ் அடுப்பைத் திறந்துவிடுகிறாள் என்று ஸ்டூடியோவுக்கே கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்துக்கொள்வேன். நேற்று ஒரு கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் இருந்த பருக்களைக் கம்ப்யூட்டரில் துடைத்துக்கொண்டிருந்தேன். நல்ல வேலை, நேரமெடுக்கும் வேலை. முடித்துவிட்டுத் திரும்பினால் பெஞ்ச் காலியாக இருந்தது.

சந்தை, கோயில், ரயில் நிலையம், இரண்டு பஸ் ஸ்டாண்டு, எல்லாம் பார்த்தாகிவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் படம் கேட்டார்கள். மகள் கல்யாணத்தில் எடுத்ததைக் கொடுத்தேன். ஏட்டையா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்ல நெறமா, லட்சணமா இருக்காகளே. சீக்கிரம் கெடச்சிருவாக" என்றார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இன்றைக்கே போஸ்டருக்குக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 8, வியாழன்

போஸ்டர் வந்துவிட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை. பளபளவென்று இருக்கிறது. முகத்தில் ஒரு புள்ளி கிடையாது, பட்டுச்சேலைக் கரைகூடத் தனியாகத் தெரிகிறது. தென்காசிப் பாதையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கி ஒட்டினேன். பசை வாளி பஸ்ஸில் கவிழ்ந்து கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் சென்னையிலிருந்து மகள் உலகம்மாள் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் போஸ்டரைப் பார்த்தபடி நின்றாள்.

"இது யாருப்பா?" என்றாள்.

அழுது களைத்து வந்திருக்கிறாள், பாவம். பையை வாங்கி உள்ளே வைத்தேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

மூன்று பேர் போன் செய்தார்கள். மூன்றும் வேறு பெண்கள். அதில் ஒருத்தி வடநாட்டுக்காரி, கோதுமை நிறம். அவளைப் பார்க்க நாற்பது கிலோமீட்டர் போய்வந்தேன்.

பிப்ரவரி 12, திங்கள்

இன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை.

"அம்மா கருப்புப்பா. ஊருக்கே தெரியும். நீங்க ஒட்டி வச்சிருக்கது யாரையோ" என்றாள் உலகு.

"லேசா வெளிச்சம் குடுத்திருக்கேன். அவ்வளவுதாம்ட்டி."

"புருவத்துல தழும்பு எங்க? கன்னத்து மரு எங்க? மூக்கையும் ஒடுக்கிட்டீயளா?"

மூக்கை நான் தொடவில்லை. தொட்ட ஞாபகம் இல்லை. கைப்பழக்கம். ஒரு முகம் திரையில் வந்தால் கை தானாக வேலை செய்துவிடும். எல்லா ஸ்டூடியோவிலும் இதுதான். கருத்த முகத்தை இருந்தபடி பிரிண்டரில் கொடுத்துப் பார்த்தால் தெரியும். கண்ணுக்கும் கன்னத்துக்கும் வித்தியாசமில்லாமல் சேறாக வரும். வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்கினால் சாம்பல் பூசிய மாதிரி இருக்கும். இன்னும் தூக்கினால்தான் மனுஷ முகம் வரும். அதற்குள் ஆள் சிவப்பாகிவிடுவார். வாடிக்கையாளர் யாரும் இதுவரை கோபித்துக்கொண்டதில்லை. ஆவுடையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கல்யாண ஆல்பத்தைக் காட்டியபோது தன் பக்கம் வந்ததும் ஒரு நிமிஷம் பார்த்தாள், பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். பிடித்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

சரி, திருத்தாத படத்தைக் கொடுங்கள் என்றாள் உலகு. அது இருந்தால்தானே. திருத்தியதை அதே பெயரில் சேமிப்பது என் வழக்கம், இடம் மிச்சம். இரண்டு பேரும் பழைய டிஸ்க்குகளை எல்லாம் போட்டுப் பார்த்தோம். பதினெட்டு வருஷத்துப் படங்களில் ஆவுடை இருப்பதே குறைவு. எனக்கு விளக்குப் பிடிப்பவளாக எப்போதும் கேமராவுக்கு இந்தப் பக்கம் நிற்பாள். இருக்கிற சிலதும் வெள்ளை வெளேர் என்று இருந்தன. உலகுவின் போனில் எல்லாம் ஃபில்டர் போட்டவை, அம்மாவுக்குப் பூனைக் காதுகூட இருக்கிறது. வீடியோ காலில் ஆவுடை எப்போதும் உத்தரத்தைத்தான் காட்டுவாள். ஆதார் படத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

"உங்க பொண்டாட்டி போட்டோ ஒண்ணுகூட உங்ககிட்ட இல்லியா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். ஊரில் பாதிப் பேர் வீட்டில் நான் எடுத்த படம் மாட்டியிருக்கிறது.

பிப்ரவரி 13, செவ்வாய்

சிலிண்டர் தீர்ந்தது. புதியதை மாட்டத் தெரியாமல் பக்கத்து வீட்டில் கேட்டேன். ஆவுடைதான் மாட்டுவாள். போன மாதம் வரை அதை மறக்கவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

பரணில் பழைய நெகட்டிவ் பெட்டிகள் இருப்பது காலையில் பல் விளக்கும்போது நினைவுக்கு வந்தது.

பிலிம் காலத்தில் ஒரு ரோலில் முப்பத்தாறு படம். பாஸ்போர்ட் வேலைக்கு வருகிறவர்கள் முப்பத்தாறு பேராகவா வருவார்கள்? கடைசியில் ஒன்றிரண்டு மிஞ்சும். ரோலை முடிக்காமல் கழுவ முடியாது. "ஏட்டி, இங்க வா, நில்லு" என்று ஆவுடையைக் கூப்பிட்டு அந்த மிச்சத்தை அவள்மேல் தட்டிவிடுவேன். வெளிச்சம்கூடப் பார்ப்பதில்லை. வாடிக்கையாளர் படங்களை மட்டும் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டு நெகட்டிவைக் கவரில் போட்டுவிடுவேன். அவள் படத்தை யார் கேட்டார்கள்?

இன்று பெட்டிகளை இறக்கி ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். ரோலுக்கு ரோல் கடைசியில் அவள் நிற்கிறாள். ஈரக் கையோடு நிற்கிறாள், மாவு கையோடு நிற்கிறாள், உலகுவை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு ரோலில் கண் வீங்கியிருக்கிறது. அன்றைக்கு என்ன நடந்ததென்று தெரியவில்லை. 2006இல் டிஜிட்டல் வாங்கும்வரை இருக்கிறாள். அதன் பிறகு மிஞ்சுகிற படம் என்று ஒன்று கிடையாது.

பிலிம் மட்டும் யோக்கியம் என்று நான் சொல்லவரவில்லை. அப்போதும் நெகட்டிவின் மேல் பென்சிலால் தடவிப் பெண் பார்க்கும் படங்களைச் சிவப்பாக்கியவன் நான்தான். இவள் படத்துக்குப் பென்சில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 17, சனி

2006 ரோலில் நேராகப் பார்க்கிற ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, கேமராவால் நகல் எடுத்து, போஸ்டர் போடும் ஜோஸ்வாவிடம் கொடுத்தேன். ஒன்றையும் தொடாதே என்று மூன்று தடவை சொன்னேன். மத்தியானம் போனால் கட்டுக் கட்டாக அடித்து வைத்திருக்கிறான். படத்தில் பழையபடி சிவத்த பெண்.

"ரொம்ப இருட்டா இருந்துச்சு அண்ணாச்சி. நம்ம வீட்டு விசயமாச்சேன்னு கொஞ்சம் தூக்கி விட்டேன். இதுக்குத் தனியா ஒண்ணும் வாங்கமாட்டேன்" என்றான்.

அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். பதினைந்து வருஷமாக இவன் எனக்குத்தான் போஸ்டர் போடுகிறான். யாரிடம் கற்றான் என்று என் வாயாலேயே கேட்கவா?

வீட்டுக்கு வந்து என் பிரிண்டரில் நானே போட்டுப் பார்த்தேன். ஒன்று சேறு, ஒன்று சாம்பல். தழும்பு இரண்டிலும் இல்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

பழையபடி கையாலேயே பிரிண்ட் போடலாம் என்று, குளியலறையை இருட்டாக்க ஜன்னலில் அட்டை அடித்தேன். நெகட்டிவைத் தாளில் பெரிதாக விழவைக்கும் என்லார்ஜரைப் பரணிலிருந்து இறக்கினோம். உலகு ஒரு முனையைப் பிடித்தாள். லென்ஸில் பூஞ்சை. என்னிடம் இருந்த பழைய போட்டோ பேப்பர் கருகிப்போயிருந்தது. உலகு ஆன்லைனில் புதுப் பேப்பர் பெட்டியும் டெவலப்பர், ஹைப்போ மருந்துகளும் ஆர்டர் போட்டிருக்கிறாள். வர மூன்று நாளாகுமாம். மூன்று நாள் ஆவுடை எங்கே சாப்பிடுவாள்?

பிப்ரவரி 24, சனி

காலையிலிருந்து குளியலறையில். இந்த ஹைப்போ நாற்றத்தை விட்டொழித்தோம் என்று ஒரு காலத்தில் சந்தோஷப்பட்டவன் நான். அந்த எண்ணத்தில் மாற்றமில்லை. இடுப்பு வலிக்கிறது. முதல் ஐந்து தாள் வீண்.

ஆறாவது தாளைத் தட்டில் அமிழ்த்தி ஆட்டிக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கில் முதலில் புருவம் வந்தது, பிறகு தலைமுடி, கடைசியில்தான் கன்னம். வெளியே கொண்டுவந்து வெயிலில் பார்த்தேன்.

கருப்பாகத்தான் இருந்தாள். ஆனால் சேறு இல்லை. கன்னத்தின் கருப்பு வேறு, கழுத்தின் கருப்பு வேறு, கண்ணுக்குக் கீழே இருப்பது இன்னொன்று. நெற்றி வியர்வையில் வெளிச்சம் உட்கார்ந்திருந்தது. புருவத்துத் தழும்பு இருந்தது, மரு இருந்தது. பிரிண்டரில் மை தாளின் மேல் தோல் மாதிரி படிந்துகிடக்கும், சாய்த்தால் மினுங்கும். இதில் முகம் தாளுக்கு உள்ளே இருக்கிறது. எப்படிச் சாய்த்தாலும் அவள் அங்கேயே இருந்தாள். முப்பது வருஷம் கூட இருந்தவளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உலகு வந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா" என்றாள். படத்தைப் பார்த்து அவள் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

துணி காயப்போடும் கொடி முழுக்க ஆவுடையைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன்.

மார்ச் 1, வெள்ளி

இந்தப் படங்களை ஒட்டவில்லை. கையில் கொண்டுபோய்க் காட்டுகிறேன். டீக்கடை, பூக்கடை, ஆட்டோக்காரர்கள். சிலர், "பழைய படமா அண்ணாச்சி? கலர்ல இல்லியா?" என்கிறார்கள். ஒரு பூக்காரி, "எங்கக்கா மாதிரி இருக்கா" என்று படத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

மார்ச் 5, செவ்வாய்

ராஜபாளையம் போனேன். இல்லை.

மார்ச் 12, செவ்வாய்

ஆனைமடை விலக்கு. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் பிரிகிற இடம். ஒரு நிழற்குடை, ஒரு டீக்கடை, வேறொன்றும் கிடையாது. டீக்கடை நடத்துகிறவள் பெயர் மாரிக்கனி. படத்தை வாங்கியதும் கண்ணை விரித்தாள்.

"இங்கன கெடந்த அம்மால்லா இது! கொஞ்சம் வயசு கொறச்சலா இருக்கு. அந்தத் தழும்பு, அவளேதான்."

எங்கே என்று கேட்டேன். நிழற்குடைச் சுவரைக் காட்டினாள். சுவரில் நான் ஒட்டிய போஸ்டர், வெயிலில் இன்னும் வெளுத்துப்போய் இருந்தது.

"அதுக்குக் கீழதான் உக்காந்திருப்பா. பத்து நாளுக்கு மேல இருந்தா. பேரு கேட்டா சிரிப்பா. அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு இருப்பா. 'யாரோ ஒரு அம்மாவக் காணுமாம்லா, வீட்டுல தேடுவாவல்லா'ன்னு எங்கிட்ட சொல்லிச் சொல்லி மாஞ்சு போவா. நான் குடுக்குத இட்லில பாதியப் பிச்சு படத்துக்குக் கீழ வச்சிருவா. 'அவ வந்தா திங்கட்டும்'பா."

"போஸ்டர்ல நம்பர் போட்டிருந்தேனேம்மா. ஒரு போன் போட்டிருக்கக்கூடாதா?"

"அது வேற ஆளுல்லா அண்ணாச்சி. அந்தம்மா செவத்த பொம்பள. இவ நம்ம நெறம்" என்றாள் மாரிக்கனி. அவள்மேல் என்ன தப்பு?

பிறகு காய்ச்சல் கண்டு எழுந்திருக்காமல் கிடந்தாளாம். மாரிக்கனிதான் ஆம்புலன்சுக்குச் சொல்லி ஏற்றிவிட்டிருக்கிறாள். எப்போது என்று கேட்டேன். போன மாதக் கடைசியில், மாசிமகத்தன்று என்றாள். நான் குளியலறையில் தாளை ஆட்டிக்கொண்டிருந்த நாள் அது.

டீ கொடுத்தாள். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 13, புதன்

உலகுவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் தெரியாத பெண் ஒருத்தி காய்ச்சலில் வந்து இரண்டாம் நாள் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். கேட்டு யாரும் வராததால் போன வாரம் அடக்கம் செய்துவிட்டார்களாம். அந்தப் பகுதி ஸ்டேஷனில் அடையாளத்துக்கு எடுத்த படம் இருக்கும் என்றார்கள்.

ஸ்டேஷனில் ஒரு இளவயது போலீஸ்காரர், நல்ல பிள்ளை. எழுந்து நாற்காலி போட்டார்.

"உங்க போஸ்டர வச்சுத்தான் சார் பாத்தோம். ஒத்து வரல. அது செவப்பு, இவங்க கருப்பு. அதான் உங்களுக்குச் சொல்லல" என்றார். பிறகு தன் போனில் படத்தை எடுத்துக் காட்டினார்.

இப்போதைய போன்கள் முகத்தைத் தாமாகவே கண்டுபிடித்து மெழுகிவிடும். ஃபிளாஷ் வேறு போட்டிருக்கிறார். தழும்பு கிடையாது, மரு கிடையாது, தோல் பீங்கான் மாதிரி. உயிரோடு இருப்பவருக்கும் இறந்தவருக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை.

உலகு ஒரே பார்வையில் வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மா காதுப்பா. வலது காது கிழிஞ்சிருக்கு பாருங்க. சேலை நான் எடுத்துக் குடுத்ததுப்பா."

நான் போனை வாங்கி, பெரிதாக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கம்மல் போட்டுக் காது கிழிந்த பெண்கள் ஊரில் எத்தனையோ பேர். அந்தச் சேலை எல்லாக் கடையிலும் விற்கிறது.

"சொல்லுங்க சார். உங்க மனைவியா?" என்றார் போலீஸ்காரர்.

"இல்ல" என்றேன். "எங்க வீட்டுக்காரி இவ்வளவு நெறம் கெடையாது."

உலகு என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. அவள்தான் கையெழுத்துப் போட்டாள். திரும்பும் பஸ்ஸில் தனி சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

மார்ச் 14, வியாழன்

உலகு அடக்கம் செய்த இடத்துக்குப் போய் மண்ணில் பால் ஊற்றிவிட்டு வந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போயிருக்கமாட்டேன். சாயங்காலம் இருபது தாள் பிரிண்ட் போட்டேன்.

மார்ச் 21, வியாழன்

இன்று வீட்டில் கருமாதிச் சடங்கு. உலகுவும் என் அக்கா சண்முகவடிவும் சேர்ந்து ஏற்பாடு செய்தார்கள். சொந்தக்காரர்கள் வந்து கூடம் நிறைந்துவிட்டது. எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

மாலை போடப் படம் வேண்டும் என்றார்கள். உலகு கொடியிலிருந்து ஒன்றைக் கழற்றிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்தாள். அக்காவுக்கு முகம் கோணிவிட்டது.

"ஏல நல்லசிவம், இதுல கருகருன்னு இருக்காளே. நாலு பேரு வந்து பாக்குத எடத்துல நல்லதா ஒண்ணு வைக்க வேண்டாமா? அந்தப் போஸ்டர் படம் எங்கல? அதுல எவ்வளவு லட்சணமா இருக்கா."

"அத்தை, சும்மா இருங்க. இதுதான் அம்மா" என்றாள் உலகு. என்னைப் பார்த்தாள். நான் அவள் பக்கம் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள்.

நான் உள்ளே போய்ப் பீரோவில் இருந்த கல்யாணப் படத்தை, பெரிய சைஸ், சட்டம் போட்டது, துடைத்துக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தேன். அவளுக்குத் திருப்தி. தானே ரோஜா மாலையை எடுத்துப் போட்டு, பொட்டு வைத்து, இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். கூடத்தில் இருந்த பெண்கள் அழ ஆரம்பித்தார்கள்.

நாற்காலியில் இருந்த கருப்புப் படத்தை எடுத்து, சட்டத்தைக் கழற்றி, மற்ற பிரிண்டுகளோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். உலகு வாசலில் வந்து மறித்தாள்.

"எங்கப்பா போறீங்க? அம்மாவுக்கு நீங்கதான் பூப் போடணும். எல்லாரும் காத்திருக்காங்க."

"அந்தம்மாவுக்குப் போடுங்கட்டி. நான் வேண்டாம்னு சொல்லலியே" என்றேன். "ஒங்கம்மாவுக்கு எதுக்கு இப்பமே மாலை? அவதான் இன்னும் கெடைக்கலியே."

செங்கோட்டை பஸ் பத்தரைக்கு வந்தது. ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது.